தவளைப் பாட்டின் பின்பாதி

அத்லிஸ்கோ, பூஏப்லா
18 ஜனவரி 1998

அன்புத் தம்பி ஃபெர்மினுக்கு,

நீயும் அங்கே உன்னோடு இருப்பவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கன்னி மரியாள் துணை. இங்கே நானும் அராசெலியும் சுகம். குளிர் போனால் என் முழங்கால் வலியும் போய்விடும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். போன வருடமும் அதைத்தான் சொன்னார்.

உன் மகள் அராசெலியைப் பெண் கேட்டு வந்துவிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் தெரு முழுக்க உரியேல் வீட்டுச் சனம். ரொட்டிக் கூடை, பழக் கூடை, சாக்லேட், உயிரோடு ஒரு வான்கோழி. பூச்செடிப் பண்ணை வைத்திருக்கும் பெனித்தோ உனக்கு நினைவிருக்கும். அவருடைய இரண்டாவது பையன்தான் உரியேல். அதிகம் பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா பேசிவிடுவாள்.

"டீச்சர், உங்க பொண்ணைக் குடுங்க. செடி மாதிரி பாத்துக்கறோம்" என்றாள்.

"செடியை நீங்க விக்கறதுக்குத்தானே வளக்கறீங்க?" என்று உள்ளே இருந்து அராசெலியின் குரல். நல்லவேளை, எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாள்தான் அதிகம் சிரித்தாள்.

கல்யாணம் ஜூலை இருபத்தைந்து, சனிக்கிழமை. வழக்கப்படி ஒவ்வொன்றின் செலவுக்கும் ஒரு பத்ரினோ பொறுப்பேற்றாகிவிட்டது. மோதிரம் பெனித்தோவின் தங்கை வீட்டார், கேக் என் பள்ளித் தலைமையாசிரியர், பூ யாரென்று சொல்ல வேண்டியதில்லை. இசை மட்டும் பாக்கி. அதை யாருக்கும் கொடுக்காமல் உனக்கென்று வைத்திருக்கிறேன்.

நீ வருவாயா என்று அவள் கேட்கவில்லை. தன் எட்டு வயதில் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தவள், அதற்குப் பிறகு கேட்டதே இல்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வருவாயா?

அன்புடன் உன் அக்கா,
ஓர்தென்சியா


குயின்ஸ், நியூயார்க்
15 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலும் நீயும் அராசெலியும் நலமாக இருக்கச் செபிக்கிறேன். நான் நலம். அதே சமையலறை, அதே அறை. நம் பக்கத்துப் பையன்கள் கூட இருக்கிறார்கள். பனி கொட்டுகிறது.

கடிதத்தை வேலை நடுவில் படித்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இசைக்கு நான்தான் பத்ரினோ. எந்த டி.ஜே. என்று நீ பார்த்துக்கொள், ஒலிபெருக்கிப் பெட்டி பெரிதாக இருக்கட்டும், மைக்கில் எதிரொலி வைக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். வருவதற்கு முயற்சி செய்கிறேன். வருவேன் என்றே வைத்துக்கொள்.

ஒன்று மட்டும் என் விருப்பம். அப்பாவும் மகளும் ஆடும் நேரத்தில் வால்ட்ஸ் வேண்டாம். தவளைக் கும்பியாப் பாட்டு வேண்டும். உனக்கு நினைவிருக்கிறதா? அராசெலியை என்னிடம் விட்டுவிட்டு அம்பாரோ இறந்துபோன வருடம், சாயங்காலம் ரேடியோவில் அது வரும். முதலில் அக்கார்டியன், பிறகு அந்தச் சுரைக்குடுக்கையைக் குச்சியால் தேய்க்கிற சத்தம். "அப்பா, ரெண்டு தவளை சண்டை போடுது" என்பாள். என் பூட்ஸ் மேல் ஏறி நிற்பாள், நான் அவளைத் தூக்கித் தூக்கி வைத்து அடுப்படியைச் சுற்றுவேன். ஆறு வயது. அவளுக்கு நினைவிருக்குமோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

முத்தங்களுடன் உன் தம்பி,
ஃபெர்மின்


அத்லிஸ்கோ
9 மார்ச்

அன்புத் தம்பி,

நீயும் உன்னோடு இருப்பவர்களும் குளிருக்கு அடக்கமாக இருக்க வேண்டும். இங்கே ஜகரந்தா பூத்துவிட்டது, பள்ளி முற்றத்தைக் கூட்டி முடியவில்லை.

அராசெலியைக் கூட்டிக்கொண்டு டி.ஜே. தோன் கபுலினைப் பார்க்கப் போனேன். இந்தப் பக்கத்தில் பெரிய பெட்டி அவருடையதுதான். லாரியிலிருந்து இறக்கவே ஆறு ஆள் வேண்டும். அவர் வீட்டு முற்றத்தில் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன, மேலே கோழி அடைகாக்கிறது.

"டீச்சரம்மா! என்னை ஏழாம் வகுப்புல ஃபெயில் பண்ணினது உங்க அப்பாதான். பயப்படாதீங்க, கல்யாணத்துல பழி வாங்க மாட்டேன்" என்று ஆரம்பித்தார்.

தவளைக் கும்பியா என்றதும் தலையைச் சொறிந்தார். பழைய இசைத்தட்டு, அவரிடம் இருந்தது, வெள்ளத்தில் போய்விட்டது. தலைநகரில் தேடியும் கிடைக்கவில்லையாம். "நியூயார்க்ல கிடைக்கும். நம்ம ஊர்ல தொலைஞ்சதெல்லாம் அங்கதான் இருக்கு" என்றார்.

பிறகு அவருடைய சட்டங்களைச் சொன்னார். பாட்டு நடுவில் அவர் மைக்கில் வாசிக்கும் வணக்கச் சீட்டு எல்லாம் ஒரு வாரம் முன்னால் கைக்கு வர வேண்டும். முதல் வணக்கம் இசைப் பத்ரினோவின் வீட்டாருக்கு. வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் பெயர் சொல்லி வாசிப்பார், தொட்டில் குழந்தை உட்பட. "ஒரு பேரு விட்டுப்போச்சுன்னா அந்த வீட்டுல சண்டை, அப்புறம் என் லாரி டயர்ல ஆணி. என் அனுபவம், டீச்சரம்மா." விருந்து முழுவதையும் டேப்பில் பதிந்து பத்ரினோவுக்குக் கொடுப்பாராம். ஆகவே நீ எங்கே இருந்தாலும் உன் கைக்கு வரும்.

வரும் வழியில் அராசெலியிடம் உன் விருப்பத்தைச் சொன்னேன். தவளை என்றதும் நின்றுவிட்டாள். எல்லாம் நினைவிருக்கிறது, தம்பி. உன் பூட்ஸின் இடது மூக்கு கிழிந்திருந்தது வரை சொல்கிறாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவர் வந்தா ஆடறேன். வரலைன்னா அந்தப் பாட்டு வேண்டாம் அத்தை. ஆள் இல்லாம பாட்டு மட்டும் வந்தா நான் நடுவுல நின்னு என்ன பண்றது?" என்றாள்.

உன்னிடம்தான் பதில் இருக்கிறது.

உன் அக்கா,
ஓர்தென்சியா


குயின்ஸ்
12 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

அன்புள்ள அக்கா,

பண்டிகை வாழ்த்துகள். நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

அக்கா, நான் வர முடியாது. வருவது பெரிய காரியம் இல்லை, விமானம் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருப்பேன். காகிதம் இல்லாதவன் இங்கே திரும்பி வருவதுதான் பெரிய காரியம். இப்போது எல்லையைப் பாலைவனம் வழியாகத்தான் தாண்ட முடிகிறது. தொச்சிமில்கோ ஊர்ப் பையன் ஒருவன் போன மாதம் வந்து சேரவே இல்லை. எனக்கும் வயதாகிவிட்டது. இங்கே சில பொறுப்புகள் இருக்கின்றன, விட்டுவிட்டு வர முடியாதவை.

அராசெலியிடம் நீயே பக்குவமாகச் சொல்லு. ஆனால் பாட்டு கிடைத்துவிட்டது! பிப்ரவரியில் இங்கே ரயில் பாலத்துக்குக் கீழே ஒரு கூடத்தில் நம் ஊர்க்காரர்கள் ஆட்டம் வைத்தார்கள். அங்கே போட்டார்கள். இந்த ஊர் டி.ஜே.யும் ஆட்டம் முடிந்ததும் பதிந்த டேப்பை வாசலில் விற்பார். வாங்கிவைத்தேன். இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. தவளை கத்துகிற இடம் வரை போட்டுப் பார்த்தேன், அதேதான். நடுவில் டி.ஜே. குரல் வரும், நம் ஆட்கள் வழக்கம்தானே. கபுலின் அதைப் பார்த்துக்கொள்வார்.

என்னோடு வேலை செய்யும் மெலித்தோனின் மாமியார் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நான் இல்லாவிட்டாலும் பாட்டைப் போடச் சொல். கேட்டால் அவளுக்கு நான் இருக்கிற மாதிரி இருக்கும்.

அன்புடன்,
ஃபெர்மின்


அத்லிஸ்கோ
20 மே

தம்பி ஃபெர்மினுக்கு,

நலம். நலமென்று நம்புகிறேன்.

டேப் வந்து சேர்ந்தது. ஒலி சுத்தமாக இருக்கிறது. கபுலின் வீட்டுப் பெரிய பெட்டியில் போட்டு, நானும் அராசெலியும் அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்டோம். உங்கள் ஊர் டி.ஜே.க்கு நல்ல குரல். ஒவ்வொரு பெயரும் தெளிவாக விழுகிறது.

இசைப் பத்ரினோவின் வீட்டாருக்கான வணக்கச் சீட்டை எழுதி அனுப்பு. உன் வீட்டில் இருக்கிற யாரையும் விட்டுவிடாதே.

ஓர்தென்சியா


குயின்ஸ்
1 ஜூன்

அன்புள்ள அக்கா,

உனக்கு உடம்புக்கு ஏதாவதா? உன் கடிதம் மளிகைச் சீட்டு மாதிரி இருந்தது. முழங்கால் அதிகமாகிவிட்டதா? டாக்டரைப் பார்.

பாட்டு நன்றாக இருக்கிறதென்று எழுதியதில் சந்தோஷம். அராசெலி என்ன சொன்னாள் என்று நீ எழுதவே இல்லையே. அழுதாளா?

நீ கேட்ட சீட்டு: ஃபெர்மின் தெபாலே, நியூயார்க்கிலிருந்து. கூட மெலித்தோன், தாச்சோ, தொச்சிமில்கோ சகோதரர்கள் இரண்டு பேர். என் வீடு அவ்வளவுதான். நால்வரும் நல்ல பையன்கள், பெயர் கேட்டால் மகிழ்வார்கள்.

முத்தங்களுடன்,
ஃபெர்மின்


அத்லிஸ்கோ
13 ஜூன்

தம்பி,

நீயும் உன்னோடு இருப்பவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

இந்த வரியைப் பன்னிரண்டு வருடமாக எழுதுகிறேன். கடிதத்தை இப்படித் தொடங்க வேண்டும் என்று அம்மா பழக்கியது, கை தானாக எழுதிவிடும். "உன்னோடு இருப்பவர்கள்" என்று எழுதும்போதெல்லாம் ஒரு அறையையும் சில பையன்களையும் காயப் போட்ட காலுறைகளையும் நினைத்துக்கொள்வேன். இன்றைக்குப் பெயர் தெரிந்து எழுதுகிறேன். நீயும் மரிபெலும் துல்சேயும் நலமாக இருக்க வேண்டும்.

பொதுத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கடையில் கூண்டுக்குள் பேசுவது வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும். இதை ஏற்கெனவே போதுமான பேர் கேட்டாகிவிட்டது.

நடந்தது இதுதான். கபுலின் முற்றத்தில் டேப்பைப் போட்டார். சுற்று வீட்டுக்காரர்களும் வந்து நின்றுவிட்டார்கள், அந்தப் பெட்டி பாடினால் அப்படித்தான். அக்கார்டியன் தொடங்கியது, தவளை கத்தியது, அராசெலி சிரித்துவிட்டாள். நீ வரவில்லை என்று தெரிந்த பிறகு, பாட்டைக் கேட்கவே மாட்டேன் என்றிருந்தவள். நான் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால் தானாக எழுந்து தாளம் போட்டது. சரி, இவள் மனம் மாறிவிட்டாள், பாட்டு இருக்கும் என்று நினைத்தேன்.

நீ போட்டுக் கேட்டுப் பார்க்காமல் அனுப்பிய பின்பாதி அப்போதுதான் வந்தது.

"அத்லிஸ்கோ தெபாலே குடும்பத்துக்கு ஒரு பெரிய வணக்கம்! ஃபெர்மின் தெபாலே, வீட்டம்மா மரிபெல், இன்னைக்கு நாலு வயசு முடியற வீட்டு ராணி துல்சே! எங்கம்மா துல்சே? அட, அதோ பாருங்க, அப்பா பூட்ஸ் மேல ஏறி நின்னு ஆடுது! மிதி தங்கம், மிதி!"

எதிரொலி வேறு. மிதி, மிதி, மிதி.

கபுலின் ஓடிப்போய் நிறுத்தினார். முற்றத்தில் கோழி மட்டும்தான் பேசியது. "திருப்பிப் போடுங்க மாமா" என்றாள் அராசெலி.

"டேப்பு சிக்குதும்மா, போதும்."

"சிக்கலை. போடுங்க."

போட்டார். கேட்டாள். நன்றி சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து பீன்ஸ் வேகவைத்தாள். தட்டை என் முன்னால் வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"அவர் வேற குடும்பம் வச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை அத்தை. அம்மா செத்துப் பதினாலு வருஷம் ஆச்சு. தனியா இருன்னு யார் சொல்ல முடியும்? ஆனா அவர்கிட்டேருந்து எனக்குன்னு இருந்தது அந்த பூட்ஸ் ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டாரு."

வகுப்பில் புரட்சிக்கும் போருக்கும் காரணம் கேட்டால் ஐந்தாவது சொல்லத் தெரிந்தவள் நான். சாப்பிட்டேன்.

உன்மேல் எனக்குக் கோபமா என்று யோசித்துப் பார்த்தேன், அதனால்தான் ஒரு மாதமாயிற்று. நீ அங்கே தனியாகக் குளிரில் கிடக்கிறாய் என்று நான் அழுத இரவுகள் வீணாய்ப்போயின என்பதில் கொஞ்சம் கோபம். நீ தனியாக இல்லை என்பதில் நிம்மதி. இரண்டும் ஒரே தட்டில் இருக்கின்றன, பிரிக்க வரவில்லை.

மே மாதம் சீட்டு அனுப்பச் சொன்னது அதற்காகத்தான். நீயே எழுதிவிடுவாய் என்று நம்பினேன். நீ தாச்சோவின் பெயரை அனுப்பினாய்.

சீட்டை அராசெலியும் படித்தாள். இனி அவள் சொன்னது, அப்படியே: "பத்ரினோ வீட்டுல இருக்கற எல்லார் பேரையும் வாசிக்கணும். பொய்ச் சீட்டு வாசிச்சா எனக்கு அவர் பாட்டும் வேண்டாம், அவர் பத்ரினோவும் வேண்டாம். அந்தக் குட்டி என்ன தப்புப் பண்ணிச்சு, அவ பேரை ஒளிச்சு வைக்க?"

ஜூலை பதினெட்டுக்குள் கபுலினுக்குச் சீட்டு போக வேண்டும். உரியேலின் சித்தப்பா இசையைத் தான் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். இனி நீ எழுதுவதைப் பொறுத்தது.

உன் அக்காதான், எப்போதும்,
ஓர்தென்சியா


அத்லிஸ்கோ
6 ஜூலை

தம்பி,

நீங்கள் மூவரும் சுகமா? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

கவுன் தைத்தாகிவிட்டது. மோலே குழம்புக்கு மிளகாய் வறுக்கத் தொடங்கிவிட்டார்கள், தெருவே இருமுகிறது. உரியேலின் அம்மா, "டீச்சர், இசைக்கு யாரு, என் கொழுந்தனா உங்க தம்பியா? அழைப்பிதழ்ல பேரு போடணும்" என்று தினமும் வருகிறாள். "இடத்தைக் காலியா விடுங்க" என்று அராசெலி சொல்லியிருக்கிறாள். அது உனக்குக் கதவு திறந்திருப்பதாகவா, மூடிவிட்டதாகவா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஓர்தென்சியா


குயின்ஸ்
11 ஜூலை

அன்புள்ள அக்கா, அன்புள்ள மகள் அராசெலி,

இருவருக்கும் கடவுள் நல்ல சுகம் தரட்டும். இதைத் தாச்சோ கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் ஊருக்கே திரும்பிவிடுகிறான்.

அக்கா, உன் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். சட்டையைத் துவைக்க எடுத்தபோது மரிபெல் படித்துவிட்டாள். நான் மறைத்தது உங்களிடம் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடமும் மறைத்திருக்கிறேன், அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "உங்க அக்காவுக்கு நான் சொன்ன நலம் விசாரிப்பெல்லாம் எங்க போச்சு? நீங்க எழுதினதா சொன்னீங்களே. அந்த ஊர்ல நாங்க பொறக்கவே இல்லையா?" என்றாள். பல நாள் பேசவில்லை. அவள் வேரக்ரூஸ் பக்கம், பேசாமல் இருக்கத் தெரியாதவள்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். மரிபெல் வந்த சமயம் அராசெலிக்குப் பதினைந்து. பதினைந்தாவது பிறந்தநாள் விழாவுக்கு வர முடியாது என்று எழுதிய கடிதத்தில் இதையும் எப்படி எழுதுவது? அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று விட்டேன். எல்லாக் கடிதத்துக்கும் ஓர் அடுத்த கடிதம் இருந்தது.

அன்று ஆட்டக் கூடத்தில் டி.ஜே.யிடம் மரிபெல் சீட்டுக் கொடுத்தது எனக்குத் தெரியாது. பெட்டிப் பக்கத்தில் நின்று ஆடினால் வார்த்தை கேட்காது அக்கா, இடி மட்டும்தான். டேப்பில்தான் எல்லாம் தெளிவாக விழும்.

அராசெலி, பூட்ஸைப் பற்றி நீ சொன்னதைப் படித்தேன். துல்சேயை நான் ஏற்றி வைக்கவில்லை. அந்தப் பாட்டு வந்ததும் நான் ஒரு ஓரமாகப் போய் நின்றுவிட்டேன், எனக்கு உன் ஞாபகம். அவள் ஓடி வந்து தானாக ஏறிக்கொண்டாள். இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை. இதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது.

சீட்டை மரிபெல் தன் கையால் எழுதியிருக்கிறாள், கூட வைத்திருக்கிறேன். வாசிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். பாட்டை எடுத்துவிடு என்றாலும் சரி.

உன் அப்பா,
ஃபெர்மின்


அத்லிஸ்கோ
29 ஜூலை

அன்புள்ள ஃபெர்மின், மரிபெல், சின்னவள் துல்சே,

மூவரும் நலமாக இருக்க ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம், என் முழங்காலைத் தவிர. அதற்குக் காரணம் பின்னால் வரும்.

கல்யாணம் முடிந்தது. மழை வாக்களித்துவிட்டு வராமல் போனது. வழக்கப்படி வான்கோழியைத் தூக்கிக்கொண்டு ஆடும்போது அது உரியேலின் சித்தப்பாவின் புதுச் சட்டையை அசிங்கம் செய்துவிட்டது. இசைப் பத்ரினோ பதவி தனக்குக் கிடைக்காத கோபத்தில் இருந்தவர், அதற்குப் பிறகு நன்றாகக் குடித்துச் சமாதானமாகிவிட்டார். மோலே போதாமல் போகும் என்று பயந்தேன், இன்னும் மிச்சம் தின்றுகொண்டிருக்கிறோம்.

தாச்சோ பதினேழாம் தேதி வந்து சேர்ந்தான். அராசெலி உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, கையில் மரிபெலின் சீட்டு முழுசாக இருந்தது. "கையெழுத்து அழகா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அன்றே கபுலினிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, "இதை வாசிக்கும்போது எதிரொலி வைக்கவா வேண்டாமா?" என்று கேட்டாராம். "ஊரு கோடி வரைக்கும் கேக்கணும் மாமா" என்றாளாம்.

ஆகவே முதல் வணக்கம் உங்களுக்குத்தான் விழுந்தது. ஃபெர்மின், மரிபெல், துல்சே. நான் தலையைக் குனிந்துகொண்டேன், யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லை. பக்கத்தில் உரியேலின் அம்மா, "யாரு துல்சே?" என்றாள். "என் தம்பி மகள்" என்றேன். "அப்ப கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு, கையில ஒரு பொண்ணு. குடுத்து வச்சவரு" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோர்த்தியா ரொட்டியை எடுத்துக்கொண்டாள். இத்தனை வருடம் நீ பயந்தது இதற்குத்தான், தம்பி.

அப்பா, மகள் ஆட்டத்துக்கு நேரம் வந்தது. நடுவில் இடம் விட்டு எல்லாரும் ஒதுங்கினார்கள். அராசெலி தனியாக நின்றாள். வால்ட்ஸ்தான் வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது அக்கார்டியன் எடுத்தது. அவள் என்னிடம் வந்து கையை நீட்டினாள். "வாங்க அத்தை."

"எனக்கு ஆடத் தெரியாதுடி. முழங்கால் வேற."

"நான் ஏறி நிக்க மாட்டேன், பயப்படாதீங்க."

ஆடினேன். நாற்பத்தாறு வயதில், தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டிருக்க. அவளுடைய முகம் என் தோளில் இருந்தது. அவளை வளர்த்தது நான் என்று வாயால் யாரும் சொன்னதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பாட்டின் பின்பாதியில் கபுலின் இன்னொரு சீட்டை வாசித்தார். அது அராசெலி எழுதியது. என்னிடமும் முன்னால் காட்டவில்லை. அதில் இருந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. டேப்பை அனுப்புகிறேன். முதல் பக்கம், பாதிக்கு மேல். இந்தத் தடவை கடைசிவரை கேள். சின்னவளையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

உங்கள் மூவரின்,
ஓர்தென்சியா


குயின்ஸ்
30 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா, அராசெலி, மாப்பிள்ளை உரியேலுக்கு,

எல்லாரும் நலமென்று நம்புகிறேன். நாங்கள் மூவரும் சுகம். மரிபெல் உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறாள், சூடாக்கித் தேய்க்கச் சொல்கிறாள். இந்த முறை நலம் விசாரிப்பு எழுதினேனா என்று வாங்கிப் படித்துப் பார்த்தாள்.

டேப்பை ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து கேட்டோம். தவளை கத்தியதும் துல்சே குதித்தாள். பிறகு கபுலினின் குரல்: "நியூயார்க்ல இருக்கற துல்சேக்கு, அவ அக்கா அராசெலி சொல்றது. அப்பா பூட்ஸ் மேல நல்லா ஏறி நின்னுக்கோ. அவருக்கு வலிக்காது. நான் நின்னு பார்த்திருக்கேன்."

மரிபெல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் எங்கே போவது? துல்சே, "எனக்கு அக்கா இருக்காளா? எவ்வளவு பெருசு?" என்று கேட்டாள். என் நெஞ்சு உயரத்தைக் கையால் காட்டினேன். பிறகு இல்லையென்று நினைத்துக் கையை இன்னும் மேலே தூக்கினேன். உன் உயரம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அராசெலி. அடுத்த கடிதத்தில் எழுது.

அன்றிலிருந்து துல்சே வேறு ஒன்றும் கேட்பதில்லை. தன் பெயர் வரும் இடத்துக்குத் தானே திருப்பித் திருப்பிப் போடக் கற்றுக்கொண்டாள். நான் வேலையிலிருந்து வந்தால் பூட்ஸைக் கழற்ற விடுவதில்லை. நேற்று டேப் அறுந்துவிட்டது. சரியாக அந்த இடத்தில்.

கபுலினிடம் கேட்டு இன்னொரு நகல் அனுப்பு அக்கா. முடிந்தால் இரண்டாக அனுப்பு.

முத்தங்களுடன்,
ஃபெர்மின், மரிபெல், துல்சே